செவ்வாய்க்கிழமைப் பாதை

பொள்ளாச்சி
14.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகுணா எழுதுவது. இங்கே நான், அவர், தாரிணி மூவரும் சுகம். அங்கே அம்மா, அண்ணி, நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு இடது காலைத் தூக்க வருகிறதா, இன்னும் இழுத்துத்தான் நடக்கிறாளா?

கடிதத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். போன வாரம் போனில் நாம் போட்ட சண்டையை ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்டார்கள். கணக்கு டீச்சர் பக்கத்தில் வந்து, "ஆருங்க, வீட்டுக்காரருங்களா?" என்று விசாரித்தார். "இல்லீங்க, கூடப் பொறந்தவரு" என்றேன். அப்படியானால் சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார். போனை எடுத்தால் நமக்குள் நல்ல வார்த்தையே வருவதில்லை. கடைசியில் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமலேயே வைத்துவிடுகிறோம். காகிதம் என்றால் கோபம் வந்தால் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதலாம். அதனால் இனிமேல் கடிதம்தான். நீங்களும் எழுதுங்கள். எட்டாவது வரை எழுதிய கை, அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

"உன் ஸ்டேடியம், உன் ஸ்டேடியம்" என்று நீங்கள் குத்தலாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆமாம், என் ஸ்டேடியம்தான். கல்லும் முள்ளுமாகக் கிடந்த அந்த மட்டத்தில் செருப்பில்லாமல் ஓடி மாநிலப் போட்டி வரைக்கும் போனவள் நான். மலையில் நாலு ஏக்கர் சமதளம் கிடைப்பதே அரிது. அது நம் பாறைமட்டத்தில் இருந்தது. அதிகாரிகள் வந்து கேட்டபோது மாரியம்மன் கோயில் முன்னால் நின்று, "நம்ம புள்ளைங்க ஓடட்டும், சம்மதம் சொல்லுங்க" என்று தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்து வந்த ஜனங்களிடம் பேசியது நான்தான். முதலில் எழுந்து வந்து கைநாட்டு வைத்தது அம்மா. இப்போது அதே மைதானத்தில் புல்தரை பார்த்துக்கொள்ளும் வேலை உங்களுக்கே கிடைத்திருக்கிறது. அப்புறமும் என்ன குறை?

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமைதோறும் அம்மாவை முதல் பஸ்ஸில் ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்கு அனுப்பிவிடுங்கள். வாதம் வந்த காலுக்குப் பயிற்சி விட்டுப்போனால் பிறகு எழுந்து நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நல்லவேளை, மட்டத்தைக் குறுக்கே தாண்டினால் பஸ் நிறுத்தம். அவளால் அவ்வளவுதான் நடக்க முடியும்.

அண்ணிக்கு என் அன்பு. அம்மாவுக்கு ஒரு முத்தம். நீங்கள் கொடுக்கமாட்டீர்கள், அண்ணியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
சுகுணா


பாறைமட்டம்
5.10.2025

அன்புத் தங்கை சுகுணாவுக்கு,

அண்ணன் பாலகுமார் ஆசியுடன் எழுதுவது. உன் கடிதத்தைத் தபால்காரர் நீட்டும்போதே, "கோர்ட்டு நோட்டீஸான்னு பாருப்பா" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அம்சவேணிக்குச் சளி. அம்மா சுகம். எனக்கு உன் கடிதத்தைப் படித்ததில் இருந்து தலைவலி.

ஸ்டேடியம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஓடுபாதை முழுக்கச் செங்கல் நிறத்தில் ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள். வெயில் பட்டால் புது டயர் கடை மாதிரி வாசம் வருகிறது. நடுவில் என் புல். பொய் சொல்லவில்லை, நான் இத்தனை வருஷம் தோட்டத்தில் மருந்தடித்து, கவாத்து வெட்டி வளர்த்த செடி ஒன்றும் இந்தப் புல்லுக்கு ஈடில்லை. கையால் தடவிப் பார்க்கத் தோன்றும். சட்டையில் என் பெயர் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு மேலே ஆறுமுகசாமி என்று ஒரு இன்ஜினியர். கோயமுத்தூர்க்காரர். மத்தியான வெயிலிலும் மஃப்ளரை அவிழ்ப்பதில்லை. "ஏனுங்க பாலகுமார், உங்கூர்ல சூரியன் தினம் டியூட்டிக்கு வருதுங்களா, இல்ல பாதி நாள் லீவுங்களா?" என்று கேட்பார். கெட்ட மனிதர் இல்லை.

நம் பிள்ளைகள் ஓடுகிறார்களா என்று அன்று போனில் கேட்டாய். திறப்பு விழா முடியும்வரை யாரையும் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. சுற்றிலும் கம்பி வேலி போட்டாயிற்று. அதனால் பஸ்ஸுக்குக் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. பழகிவிடும்.

அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறாள். தாரிணிக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு உன் அண்ணன்
பாலகுமார்


பொள்ளாச்சி
13.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அண்ணியின் சளிக்குச் சுக்கும் மிளகும் போதும், மாத்திரையாக வாங்கி விழுங்க வைக்காதீர்கள்.

புல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அம்மா போகும் வழியைப் பற்றி அரை வரி. "கொஞ்சம் சுற்றி" என்றால் எந்தச் சுற்று? வேலிக்கு வெளியே எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் உண்டு. லயத்துக்குப் பின்னால் ஓடை வரைக்கும் செங்குத்தாக இறங்கி, பாறையில் கால் வைத்துத் தாண்டி, எதிர்ச்சரிவில் தேயிலைக்குள் ஏற வேண்டும். நல்ல கால் இரண்டோடு நானே அங்கே எத்தனை தடவை வழுக்கி விழுந்திருக்கிறேன். காலை இழுத்து நடக்கும் மனுஷி அதில் போகிறாள் என்று என்னை நம்பச் சொல்கிறீர்களா?

இன்ஜினியரிடம் கேட்க வேண்டியதுதானே? லயத்துப் பக்கமும் ஒரு கேட் இருக்கும் என்று அன்று வரைபடத்தைக் காட்டித்தான் என்னிடம் சொன்னார்கள். அதை நம்பித்தான் நானும் பேசினேன். அந்தக் கேட் என்னவாயிற்று? வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள்?

பதிலை ஒளிக்காமல் எழுதுங்கள். அம்மா சாப்பிடுகிறாளா?

உங்கள் தங்கை
சுகுணா


பாறைமட்டம்
9.11.2025

அன்புத் தங்கைக்கு,

தீபாவளி நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய சேலையை அம்மா இரண்டு நாள் மடித்து வைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள்தான் கட்டினாள். மழை விடாமல் பெய்ததால் பதில் எழுதப் பிந்திவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

கேட் இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. ஆறுமுகசாமி சாரிடம் கேட்டேன். மேலே எழுதிப் போட்டாராம். விழா முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்ததாம். "நானென்னங்க பண்ணட்டும்" என்கிறார்.

அம்மாவைப் பற்றி நீ கவலைப்படாதே. அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒரு செவ்வாயும் விட்டுப்போகவில்லை. காலைக் கொஞ்சம் தூக்க வருகிறது என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாளாம்.

இப்போது இங்கே ஓடுபாதை என்றால் உயிர். ஒரு துளி சேறு பட்டால் இன்ஜினியர் உட்கார்ந்து துடைக்கிறார். புல்லைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை, அது என் பாடு. மருந்தில்லாமலேயே தளதளவென்று வந்திருக்கிறது. அம்மாகூட, "காலுக்கு மெத்துன்னு இருக்குடா, நம்ம ஊட்டுப் பாயைவிட நல்லா இருக்கு" என்று சொன்னாள்.

தாரிணி அரையாண்டுப் பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கிறாளா?

உன் அண்ணன்
பாலகுமார்


பொள்ளாச்சி
18.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தாரிணி படிக்கிறாள். அவளை விடுங்கள்.

யாரையும் உள்ளே விடக்கூடாத மைதானம். வேலி போட்டு, பூட்டுப் போட்டு வைத்திருக்கிற மைதானம். அதில் இருக்கிற புல் மெத்தென்று இருப்பது அம்மாவின் காலுக்கு எப்படித் தெரிந்தது? நான் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுப்பவள், பிள்ளைகள் சொல்லும் பொய்யை நாள் முழுக்கக் கேட்பவள். நீங்கள் அந்த வேலையில் ஏழாம் வகுப்புகூடத் தேறமாட்டீர்கள். அண்ணே, வேலைக்கு ஆபத்து வருகிற மாதிரி ஏதாவது செய்கிறீர்களா? எழுதுங்கள்.

ஒரு சந்தோஷ சமாசாரம். திறப்பு விழாவில் ஜோதி ஏந்தி முதல் சுற்று ஓட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மட்டத்தில் ஓடிப் பழகி மாநிலப் போட்டிக்குப் போன முதல் பெண் என்ற முறையிலாம். ஜனவரி கடைசியில் விழா. கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் நாலு சுற்று ஓடிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். என் மாணவிகளையும் அழைத்துக்கொண்டு வரப்போகிறேன். அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை
சுகுணா


பாறைமட்டம்
21.12.2025

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். ஜோதி ஏந்தப் போகிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன். லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இந்த வருஷம் உறைபனி முன்னதாகவே விழ ஆரம்பித்திருக்கிறது. வேலை அதிகம். மற்றவை பிறகு.

அண்ணன்


பொள்ளாச்சி
7.1.2026

அண்ணனுக்கு,

உடம்பு நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

இன்று காலை பேப்பரில் நீலகிரிச் செய்தியில் ஒரு படம் வந்திருக்கிறது. "புதிய விளையாட்டரங்கில் மர்ம நபர்கள் அட்டகாசம், புல்தரை நாசம்" என்று தலைப்பு. கேலரியின் உச்சியில் நின்று எடுத்திருக்கிறார்கள். பச்சைப் புல்லின் நடுவே கருகிப்போன காலடிகள், இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே கோடாக. உறைபனி பிடித்த புல்லை மிதித்தால் மிதித்த இடம் கருகிவிடும் என்பது மலையில் பிறந்தவளுக்கு எழுதித் தெரிய வேண்டியதில்லை. பேப்பர்காரர்களுக்கு அது மர்ம நபர்கள். எனக்கு அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. லயத்தில் இருந்து பஸ் நிறுத்தத்துக்கு. நான் பிறந்ததில் இருந்து நடந்த வழி.

பல காலடிகள் இருக்கின்றன. ஓரமாக ஒன்று மட்டும் தனியாகப் போகிறது. வலது கால் முழுசாகப் பதிந்திருக்கிறது. இடது கால் பதியவில்லை, நீளமாக இழுத்த தடம்தான் இருக்கிறது. பேப்பரை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் எதிரிலேயே அழுதேன்.

அது அம்மாதானே? ஒரு வரி போதும். அம்மா இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறாளா, இல்லையா?

சுகுணா


பாறைமட்டம்
12.1.2026

அன்புத் தங்கை சுகுணாவுக்கு,

அம்மாதான்.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். லயத்துப் பக்கத்துக் கேட்டின் சாவி என்னிடம் இருந்தது. புல் வெட்டுகிற மிஷினை அந்த வழியாகத்தான் கொண்டுபோவேன். வேலி போட்ட முதல் செவ்வாய் அம்மாவை ஓடை வழியாகத்தான் கூட்டிப்போனேன். பாதி இறக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நான் திரும்பிக்கிறேன்டா, நீ வேலைக்குப் போ" என்றாள். முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினேன். பஸ் போய்விட்டது. அடுத்த செவ்வாய் விடிந்ததும் கேட்டைத் திறந்துவிட்டேன். இன்ஜினியர் வருவதற்குள் அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள்.

ஓடுபாதையில் மண் கால் படக்கூடாது என்றுதான் எனக்குப் பயம் எல்லாம். அம்மா கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் கட்டுவாளே படங்கு, அந்தப் பழைய படங்கை எடுத்து ஓடுபாதைக்குக் குறுக்கே விரிப்பேன். அவள் அதை மிதித்துத் தாண்டும்போது, "புல்லுல போம்மா, செவப்புல கால வச்சிராத" என்பேன். புல் என்ன ஆகிவிடும், மாடு மேய்ந்தாலும் முளைக்கிறதுதானே என்று நினைத்தேன். அம்மா போவதைப் பார்த்து ஃபேக்டரிக்குப் போகும் மருதாம்பாள் வந்தாள். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். யாரை வேண்டாம் என்பது? அவர்கள் நடந்த நிலம்.

தேயிலையில் பனி பிடித்தால் கைபடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? உறைபனி அன்று வரிசைக்குள் இறங்கவே மாட்டோம். ஆனால் தேயிலைதான் பயிர், புல்லை யார் பயிராக நினைத்தது? பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் கருப்பாக எழும்பி நிற்கிறது.

ஆறுமுகசாமி சார் வந்து அந்தக் கோட்டின் மேலேயே நின்றார். மஃப்ளரை அவிழ்த்துவிட்டு, "ஏனுங்க பாலகுமார், இது ஆருங்க?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். மஃப்ளரைத் திரும்பக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் மேலிடத்து உத்தரவு என்று பூட்டை மாற்றிவிட்டார்கள். சாவி இப்போது அவரிடம். விசாரணை நடக்கிறது.

பூட்டு மாற்றியதில் இருந்து அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காலை எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். இதை எழுத வேண்டாம் என்றாள்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஜோதி ஏந்தப் போகிறேன், அழுகை வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் நான் என்ன எழுதுவது? கோயில் முன்னால் நீ பேசிய அன்று நானும்தான் கைதட்டினேன்.

அண்ணன்
பாலகுமார்


பாறைமட்டம்
18.1.2026

அன்பு மகள் சுகுணாவுக்கு, அம்மா சுப்பம்மா சொல்ல, அண்ணி அம்சவேணி எழுதுவது. அத்தை சொல்வதை அப்படியே எழுதச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் நல்லா இருக்கேன் மகளே. பொங்கலுக்குக் கரும்பு தின்னேன். பல்லு எல்லாம் இருக்கு. நீயும் மருமகனும் பேத்தியும் நல்லா இருங்க.

நீ என்னென்னமோ நெனச்சு அழுவுறதா அண்ணன் சொன்னான். ஏண்டி அழுவுற? நீ கோயிலுகிட்ட பேசுனதுக்காகவா நான் கைநாட்டு வச்சேன்? நீ பேசுனதுல பாதி எனக்குப் புரியவே இல்ல. சின்னப் புள்ளையில அந்தக் கல்லுல ஓடிட்டு ரெண்டு காலும் கிழிஞ்சு ரத்தத்தோட லயத்துக்கு வருவியே. மஞ்சளும் எண்ணெயும் வச்சுக் கட்டுவேன். மறுநாளும் ஓடுவ. ஷூ வாங்கித் தர முடியல. இனி எந்தப் புள்ளைக்கும் கால் கிழியக்கூடாதுன்னுதான் வச்சேன். இன்னைக்குக் கேட்டாலும் வைப்பேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. நீ ஓடி ஒரு நாளும் நான் பார்த்ததில்ல. நீ ஓடுன நேரமெல்லாம் நான் கொழுந்து மலையில நின்னேன். காலையில பெரட்டுக்குப் போயி பேரு குடுக்கலைன்னா அன்னிக்கு வேலை கெடையாது. லீவு கேட்டா கங்காணி, "ஒம் மக ஓடுறதுக்கு ஒனக்கு எதுக்கு லீவு"ன்னுவாரு. ஊரே சொல்லும் நீ ஓடுறது காத்தாட்டம்னு. நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்.

அதனால நீ விழாவுக்கு வராம இருந்துராத. கோவத்துல ஏதாச்சும் பேசி அண்ணன் வேலையக் கெடுத்துராத. லயத்துக்காரங்களுக்கு உள்ள பாஸ் இல்லையாம். பரவாயில்ல, நான் கேட்டுப் பக்கத்துல கம்பியப் புடிச்சு நின்னுக்குவேன். அந்தப் பந்தத்தை ஏந்திக்கிட்டு நீ ஓடி வர்றதை ஒரு தடவ பார்த்துட்டாப் போதும். கால் போனாப் போவுது.

அம்சவேணிக்குக் கை வலிக்குதாம். நல்லா சாப்பிடு.


பாறைமட்டம்
4.2.2026

அன்புத் தங்கை சுகுணாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? விழா முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய், உட்கார்ந்து ஒரு டீ குடிக்கக்கூட நேரமில்லை. மைதானத்தில் நீ அம்மாவோடு முன்னால் நடந்தாய், திரும்பியே பார்க்கவில்லை. உனக்குப் பின்னால் நடந்ததை நான்தான் எழுத வேண்டும்.

விழாவுக்கு முன்னால் கருகின இடத்தில் எல்லாம் பச்சைச் சாயம் அடித்தார்கள். அதுவே வேடிக்கையாகிவிட்டது. மற்றப் புல்லைவிட அந்தக் காலடிகள் இன்னும் பச்சையாக எடுப்பாகத் தெரிந்தன. மேடையில் இருந்தவர்கள் எல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ ஜோதியோடு ஓடி வந்தபோது நான் லயத்துப் பக்கத்துக் கேட்டில் ஆறுமுகசாமி சாருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வெளியே அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதிச் சுற்றில் எங்கள் எதிரே வந்து நீ நின்றுவிட்டாய். மூச்சிரைக்க, "சார், இந்தக் கேட்டைத் திறங்க. இவங்க எங்கம்மா. அந்தக் காலடி இவங்களோடது" என்றாய். மைக் இல்லை, மேடைக்குக் கேட்டிருக்காது. அவர் மேடையைப் பார்த்தார், அம்மாவின் காலைப் பார்த்தார். பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "பேப்பர்ல வாரதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியுமுங்க. செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்புல அந்த இழுத்து நடக்கற காலை நான் எத்தனை வாட்டி பாத்திருக்கறன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க."

நீ ஒரு கையில் ஜோதியும் ஒரு கையில் அம்மாவுமாகப் புல்லில் இறங்கினாய். பின்னால் மருதாம்பாள் தன் படங்கை அவிழ்த்து ஓடுபாதைக்குக் குறுக்கே விரித்தாள். யாரும் சொல்லவில்லை. லயத்து ஜனங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் படங்கை மிதித்து, ஒருவர் பின் ஒருவராக அந்தக் காலடிகளின் மேலேயே நடந்தார்கள். அம்சவேணி அழுதுகொண்டே போனாள். நானும் தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்தேன். கேலரியில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

எனக்கு மெமோ வந்திருக்கிறது. "மைதானத்தில் காலடி பதித்த நபர் யார் என்று தெரிந்தும் மறைத்தது ஏன்" என்று கேட்டிருக்கிறார்கள். "அது என் அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி இல்லை" என்று பதில் எழுதிக் கொடுத்தேன். என்ன ஆகுமோ தெரியவில்லை. பெரிய அதிகாரி மறுநாளே வந்து நடந்து பார்த்தார். ஓடைச் சரிவில் பாதி தூரம் இறங்கிவிட்டு ஏற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். காலையும் மாலையும் கேட்டைத் திறந்து வைக்கவும், வேலி ஓரமாக நடைபாதை போடவும், பள்ளிக்கூடம் விட்ட பிறகு லயத்துப் பிள்ளைகளை ஓட விடவும் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் இன்னும் வரவில்லை. ஆனால் சாவி என்னிடம் வந்துவிட்டது.

நேற்று செவ்வாய். அம்மா போய் வந்தாள். விட்டுப்போன வாரங்களுக்குப் பயிற்சிக்காரப் பெண்ணிடம் நன்றாகத் திட்டு வாங்கினாளாம்.

எனக்கு எழுதி எழுதி விரல் வலிக்கிறது. போன் பண்ணு, சண்டை போடலாம்.

உன் அண்ணன்
பாலகுமார்


பொள்ளாச்சி
9.2.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். இங்கே எல்லோரும் சுகம். மெமோவுக்கு நீங்கள் எழுதிய பதிலைத் தாரிணி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

போனில் சண்டைக்கு நான் தயார்தான். ஆனால் இந்த ஒன்றைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் கடைசியாக எழுதிவிடுகிறேன்.

புல்லில் இறங்கி நடந்தபோது அம்மா என் காதோரம் ஏதோ சொன்னாளே, பார்த்திருப்பீர்கள். எல்லோரும் நெகிழ்ந்துபோய் நின்றார்கள். மேடையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் என்னைத் திட்டினாள். "ஏண்டி பாதியில நின்ன? நீ ஓடுறதைப் பாக்கத்தானே நான் கம்பியப் புடிச்சு நின்னேன். கேட்டை அப்புறமாத் தெறந்தா ஆகாதா" என்றாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த தூரம் முழுக்க எனக்கு அதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

வருகிற பதினேழாம் தேதி செவ்வாய்க்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் ராத்திரியே வந்துவிடுவேன். காலையில் அம்மாவைக் கொஞ்சம் முன்னதாகக் கிளப்புங்கள். மட்டத்தைத் தாண்டியதும் கேலரியின் முதல் படியில் படங்கை மடித்துப் போட்டு உட்கார வையுங்கள். பஸ் வருவதற்குள் நான் ஒரு சுற்று ஓடிவிடுவேன். பாதியில் நிற்கமாட்டேன்.

இந்தத் தடவை ஷூ போட்டுக்கொண்டுதான் ஓடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் தங்கை
சுகுணா